“வேலைக்காரன்” என்று அச்சடித்தால் அடிமை இல்லை என்று ஆகிவிடுமா? (யாத்திராகமம் 21)

#1 தேரிக்காட்டான்

எல்லாருக்கும் வணக்கம். ஊரில் ஞாயிறு பள்ளியில் எட்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். போன மாசம் பத்துக் கட்டளை. எங்கள் பாடப்புத்தகம் 20-ஆம் அதிகாரத்தோடு நின்று, நேரே சீனாய் மலை மேகத்துக்குத் தாவிவிடும். ஆனால் பிள்ளைகள் மடியில் இருப்பது முழு பைபிள் ஆச்சே. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டாள். “அண்ணா, அடிமையை அடிச்சு, அவன் ரெண்டு நாள் கழிச்சுச் செத்தா தப்பில்லையா?”

யாத்திராகமம் 21:21. பலமுறை வாசித்த வசனம்தான், ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. “அடுத்த வாரம் சொல்றேன்மா” என்று தப்பித்தேன். சபைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “அது நாம நினைக்கிற அடிமைத்தனம் இல்ல தம்பி, ஒப்பந்த வேலை மாதிரி. வேலைக்காரன்னு சொல்லிக் கொடுத்துரு” என்றார்.

சொல்லிவிடலாம். ஆனால் அது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விசுவாசி, நாத்திகர் யார் எழுதினாலும் சரி, வசை மட்டும் வேண்டாம்.

#2 களப்பிரன்77

ஒப்பந்த வேலையா? லேவியராகமம் 25:44 முதல் 46 வரை வாசியுங்கள் தோழர். சுற்றிலும் இருக்கிற ஜாதிகளிடமிருந்து (அதாவது அந்நிய ஜனங்களிடமிருந்து) ஆணும் பெண்ணும் வாங்கலாம். உங்களிடம் வந்து தங்கியிருக்கிற பரதேசிகளின் பிள்ளைகளையும் வாங்கலாம். அவர்கள் உங்கள் சொத்து. பின்னால் வரும் பிள்ளைகளுக்குச் சுதந்தரமாக (வாரிசுச் சொத்தாக) விட்டுப் போகலாம். என்றைக்கும் அடிமை.

வேலை ஒப்பந்தத்தை யாராவது மகனுக்கு உயில் எழுதி வைப்பார்களா? சமையல்காரம்மாவைப் பேரனுக்கு எழுதி வைக்கிற ஊர் எது?

#3 திண்ணைவாசி

முன்வரிசையில் துண்டு போட்டாச்சு. நடத்துங்க.

#4 சொல்லுளி

பெரியவர் சொன்னதில் ஒரு சிக்கல் தமிழ் பைபிளிலேயே இருக்கிறது. அவர் மேல் மட்டும் பழி போட முடியாது.

எபிரேயத்தில் சொல் ஒன்றுதான்: ‘ஏவெத்’. உழைப்பவன், அடிமை, அரசனுடைய ஆள், கடவுளின் பக்தன் எல்லாருக்கும் அதே சொல். நம் பழைய மொழிபெயர்ப்பு அதை நாலாகப் பிரித்துவிட்டது. சந்தையில் வாங்கினவன் ‘அடிமை’. சவுல் ராஜாவின் ஆட்கள் ‘ஊழியக்காரர்’. மோசே ‘கர்த்தரின் தாசன்’. ஓய்வுநாள் கட்டளையில் வருகிறவன் ‘வேலைக்காரன்’.

இதனால் என்ன போச்சு என்று கேட்டால், உபாகமம் 5:14, 15 இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். 14-இல் “உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும்” உன்னைப் போலவே இளைப்பாறட்டும் என்கிறது. 15-இல் காரணம்: நீ எகிப்தில் ‘அடிமையாயிருந்தாய்’. எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ‘ஏவெத்’. “உன் வீட்டில் இருக்கிறானே, நீ எகிப்தில் இருந்தது அவன் இருக்கிற இடத்தில்தான்” என்பது அந்த வாக்கியத்தின் அடி. தமிழில் அந்த அடி விழவே இல்லை. இஸ்ரவேலன் எகிப்தில் அடிமை, அவன் வீட்டில் இருப்பவன் மட்டும் வேலைக்காரன்!

வேடிக்கை என்னவென்றால், மொழிபெயர்ப்பாளர் கெட்டதை மறைத்ததாகத்தான் நாம் நினைப்போம். இங்கே மறைந்துபோனது அந்த நூலில் இருக்கிற மிக நல்ல விஷயங்களில் ஒன்று.

#5 மேய்ப்பன்கோல்

பிரதர் தேரிக்காட்டான், நான் ஊழியத்தில் இருப்பவன். இந்தக் கேள்விக்கு வெட்கப்படத் தேவையில்லை. சொல்லுளி சொன்ன ஓய்வுநாளோடு இன்னும் சிலதைச் சேர்த்துப் பாருங்கள்.

எபிரெய அடிமைக்கு, அதாவது சொந்த இஸ்ரவேல் ஜனத்தானுக்கு, ஆறு வருஷம்தான், ஏழாவதில் விடுதலை. உபாகமம் 15 அதற்கும் மேலே போகிறது. வெறுங்கையாய் அனுப்பாதே, ஆட்டு மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து தாராளமாய்க் கொடுத்து அனுப்பு. ஆளைத் திருடி விற்கிறவனுக்கு மரண தண்டனை (யாத்திராகமம் 21:16). ஆப்பிரிக்காவிலிருந்து ஆளைப் பிடித்து வந்த கப்பல்காரர்கள் அத்தனை பேரும் இந்த ஒரு வசனத்தில் மாட்டுவார்கள். எஜமான் அடித்து அடிமையின் கண் போனாலோ, பல் ஒன்று விழுந்தாலோகூட, அவன் விடுதலை.

எல்லாவற்றுக்கும் மேலே உபாகமம் 23:15. தப்பி வந்த அடிமையைப் பிடித்து எஜமானிடம் ஒப்படைக்காதே; உன் ஊர்களில் அவனுக்குப் பிடித்த இடத்தில் இருக்கட்டும். பாபிலோனில் ஹமுராபி சட்டம் (ஏறத்தாழ கி.மு. 1750) என்ன சொல்கிறது? ஓடிவந்த அடிமைக்கு வீட்டில் இடம் கொடுத்தவனுக்கு மரண தண்டனை. அடிமையின் கண்ணை அடுத்தவன் கெடுத்தால், அவன் விலையில் பாதியை எஜமானுக்குக் கொடு. பணம் எஜமானுக்கு, கண் போனவனுக்கு ஒன்றுமில்லை. மோசேயின் சட்டத்தில் கண்ணுக்கு விலை விடுதலை. இது சின்ன வித்தியாசமா?

#6 களப்பிரன்77

நல்ல பட்டியல் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அதே ஹமுராபியில் 117-ஆம் விதியை ஏன் விட்டீர்கள்? கடனுக்காக மனைவி, மகன், மகளைக் கொடுத்தால் மூன்று வருஷ வேலை, நாலாவதில் விடுதலை. மோசேக்கு ஆறு, பாபிலோன் ராஜாவுக்கு மூன்று.

அப்புறம், உங்கள் பட்டியலில் எத்தனை ‘எபிரெயனுக்கு’ மட்டும்? எண்ணிப் பாருங்கள்.

#7 மேய்ப்பன்கோல்

கண், பல், ஓய்வுநாள், தப்பி வந்தவன் இந்த நாலிலும் எபிரெயன் என்ற சொல் இல்லை. நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

#8 களப்பிரன்77

எண்ணிட்டேன். நாலு உங்களுக்கு. ஆனால் ‘என்றைக்கும்’ என்ற சொல் எனக்கு.

#9 வக்கீல்குமாஸ்தா

இருபத்தாறு வருஷம் சார்ஜ் ஷீட் படித்த கண்ணால் 21:20, 21-ஐப் பார்க்கிறேன். தேரிக்காட்டான் தம்பியின் மாணவி கேட்டது சரியான கேள்வி.

முதலில் நியாயமான வாசிப்பு. கோலால் அடித்து, அங்கேயே உயிர் போனால், கொல்லும் எண்ணம் இருந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் எண்ணம் இல்லை, கண்டிக்கத்தான் அடித்தான் என்று ஊகம். கருவி, இடைவெளி இரண்டையும் வைத்து எண்ணத்தை அளப்பது இன்றைக்கும் கோர்ட்டில் நடப்பதுதான். அதே அதிகாரம் 18, 19-இல் சுதந்திர மனிதன் அடிபட்டுப் படுத்து, எழுந்து கோலூன்றி நடந்தால், அடித்தவன் வேலை கெட்ட நாளுக்கும் வைத்தியத்துக்கும் கொடுத்தால் போதும் என்று இருக்கிறது. ஆக, பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு கேஸ்.

இதுவரைக்கும் தற்காப்பு வக்கீல் நன்றாகத்தான் வாதாடுகிறார். ஆனால் சட்டம் தானே வாயைத் திறந்து காரணம் சொல்லிவிடுகிறது. “அவனுக்கு எண்ணம் இல்லை” என்று சொல்லவில்லை. ‘கி கஸ்போ ஹூ’: “ஏனென்றால் அவன் இவனுடைய வெள்ளி.” வெள்ளி, பணம். தன் பணத்தைத் தானே நஷ்டப்படுத்திக்கொண்டான், அதுவே தண்டனை போதும் என்கிற தர்க்கம். காரணத்தோடு எழுதின தீர்ப்பில் காரணத்தை மாற்றிப் போட வக்கீலுக்கு உரிமை கிடையாது.

இன்னொன்று. 12-ஆம் வசனத்தில் கொலைக்கு மரண தண்டனை என்று நேரடியாக இருக்கிறது. 20-இல் ‘பழி வாங்கப்படவேண்டும்’ என்று மட்டும். யார் வாங்குவது? அந்தக் காலத்தில் இரத்தப்பழி வாங்குகிறவன் செத்தவனின் உறவுக்காரன். தூர தேசத்திலிருந்து வாங்கி வந்த அடிமைக்கு ஊரில் யார் உறவு? சட்டத்தில் உரிமை இருக்கும், கேட்டு வாங்க ஆள் இருக்காது. இதைக் கோர்ட் வராந்தாவில் நான் தினமும் பார்க்கிறேன்.

21:32-ஐயும் பாருங்கள். மாடு முட்டி அடிமை செத்தால் எஜமானுக்கு 30 சேக்கல். யூதாஸ் வாங்கின அதே முப்பது. அந்நாள் சேக்கல் பதினொரு கிராமுக்குச் சற்று அதிகம். மொத்தம் ஏறத்தாழ 340 கிராம் வெள்ளி. கையில் பிடிக்கிற அளவுதான்.

#10 திண்ணைவாசி

துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்து படிக்கிறேன் இப்போ.

#11 ஆகாரின்மகள்

ஆண்கள் எல்லாரும் ‘அவன்’, ‘அவன்’ என்றே எழுதுகிறீர்கள். ஏழாம் வசனத்துக்கு யாரும் வரவில்லை.

21:7: ஒருவன் தன் மகளை அடிமையாக விற்றால், ஆண் அடிமைகள் போவதுபோல அவள் போகக்கூடாது. ஆறு வருஷக் கணக்கு அவளுக்கு இல்லை. அவளை எஜமானுக்கோ அவன் மகனுக்கோ மனைவி ஸ்தானத்தில் வைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் அந்நியருக்கு விற்க முடியாது. வேறொருத்தி வந்தாலும் இவளுக்குச் சாப்பாடு, உடை, தாம்பத்திய உரிமை மூன்றும் குறையக்கூடாது. குறைத்தால் பணமில்லாமல் விடுதலை. பாதுகாப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் விற்பவன் அப்பா. அவளைக் கேட்டதாக ஒரு வரி இல்லை. உபாகமம் 15 பிறகு வந்து எபிரெயப் பெண்ணுக்கும் ஏழாம் வருஷ விடுதலை என்கிறது. சட்டமே தன்னைத் திருத்திக்கொண்டது என்று பலர் வாசிக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நாலாம் வசனம் இன்னும் மோசம். எஜமான் கொடுத்த மனைவியும் அவள் பெற்ற பிள்ளைகளும் எஜமானுக்கு. அவன் தனியாகப் போகலாம். போகமாட்டேன் என்றால் என்ன சொல்லவேண்டும் தெரியுமா? “என் எஜமானையும் என் மனைவியையும் என் பிள்ளைகளையும் நேசிக்கிறேன்.” எஜமான் முதலில்! பிள்ளையைப் பிரிய மனசில்லாதவன் வாயிலிருந்து அந்த வார்த்தையைப் பிடுங்கிவிட்டு, அவனைக் கதவு நிலையில் சாய்த்துக் காதில் குத்துகிறார்கள். அன்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. வாசலுக்கு வெளியே ஒரு கால், உள்ளே பிள்ளையின் அழுகை. எனக்கு அந்த நிலைக்கதவு கண்ணை விட்டுப் போவதில்லை.

என் பெயர்க்காரியைப் பற்றி இன்னொரு பதிவில்.

#12 மேய்ப்பன்கோல்

சிஸ்டர், நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனால் மனிதரின் இருதயக் கடினத்துக்காகக் கொடுத்த சட்டம் என்று இயேசுவே விவாகரத்தைப் பற்றிச் சொல்கிறார். அடிமைத்தனமும் அந்தக் கணக்கில்தான். ஒரேயடியாக ஒழித்திருந்தால் அந்தச் சமுதாயம் தாங்கியிருக்காது.

#13 களப்பிரன்77

பன்றிக்கறியை ஒரேயடியாக ஒழித்தார். ஓய்வுநாளில் விறகு பொறுக்கினவனைக் கல்லெறியச் சொன்னார். அதையெல்லாம் தாங்கின சமுதாயம் இதைத் தாங்காதா? உங்கள் கடவுளுக்கு எதில் அவசரம், எதில் நிதானம் என்று எனக்குப் புரியவில்லை.

#14 மேய்ப்பன்கோல்

“உங்கள் கடவுள்” என்று விரலை நீட்டாமல் பேசினால் நன்றாக இருக்கும்.

#15 நெறியாளர்

இருவரும் நீளமான பதிவுகளில் நன்றாகத்தான் எழுதினீர்கள். ஒற்றை வரிக்கு இறங்கும்போதுதான் சூடாகிறது. நீளமாகவே எழுதுங்கள்.

#16 ஆகாரின்மகள்

சொன்னபடி ஆகார். ஆதியாகமம் 16.

ஆகார் யார்? எகிப்துக்காரி. எபிரெயச் சீமாட்டி சாராயின் அடிமைப்பெண். பிள்ளை இல்லாத சாராய், அவளைப் புருஷனுக்குக் கொடுக்கிறாள். கர்ப்பமான பிறகு சாராய் அவளைச் ‘சிறுமைப்படுத்துகிறாள்’, அவள் ஓடிவிடுகிறாள். அந்த எபிரேய வினைச்சொல்லை யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் மறுபடி பார்க்கலாம். அங்கே எகிப்தியர் இஸ்ரவேலரைச் செய்வதும் அதேதான். ஆகார் கதைக்குச் சற்று முன்னால் ஆதியாகமம் 15:13-இலும் வருகிறது: உன் சந்ததியாரை அந்நிய தேசத்தில் நானூறு வருஷம் சிறுமைப்படுத்துவார்கள். அதைச் சொல்லி முடித்த கையோடு அடுத்த அதிகாரத்தில் ஆபிரகாம் வீட்டில் ஓர் எகிப்துக்காரிக்கு அது நடக்கிறது. எழுதினவருக்குத் தெரியாமல் இது விழுந்திருக்கும் என்று நான் நம்பமாட்டேன்.

அதே ஆகாரிடம் தூதன் சொல்வது: “உன் நாச்சியாரிடம் திரும்பிப் போ.” உபாகமம் 23:15-க்கு நேர் எதிர். மேய்ப்பன்கோல் ஐயா, இந்த இரண்டையும் ஒரே மேடையில் வைத்துப் பிரசங்கம் செய்து கேட்க ஆசை. கிண்டலுக்குச் சொல்லவில்லை. பாலைவனத்தில் கடவுளுக்குப் பெயர் வைத்தவள் அந்த அடிமைப்பெண்தான்: ‘என்னைக் காண்கிற தேவன்’. ஆபிரகாமும் சாராயும் கதை முழுக்க அவளை அடிமைப்பெண் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் ஒருமுறைகூட அவள் பெயர் வராது. தூதன் மட்டும் “ஆகாரே” என்கிறான்.

#17 சொல்லுளி

ஆகாரின்மகள் சொன்ன மாதிரியே இன்னொரு சொல்: ‘பெரெக்’. கொடூரம், முறித்துப்போடுகிற வேலை. யாத்திராகமம் 1:13-இல் எகிப்தியர் வேலை வாங்கின விதத்துக்கு அந்தச் சொல். பைபிளிலேயே மிக அரிதாக வருவது. லேவியராகமம் 25 அதை மூன்று தடவை எடுக்கிறது: உன் சகோதரனைப் ‘பெரெக்’ஆக ஆளாதே.

அதாவது, “எகிப்தியன் உனக்குச் செய்ததை நீ செய்யாதே” என்று சொல்லத் தெரிந்த நூல் அது. சொன்ன மூச்சிலேயே, 46-ஆம் வசனத்தில், அந்நியனை என்றைக்கும் அடிமையாக வைத்துக்கொள், ஆனால் உன் சகோதரர்கள் மேல் ‘பெரெக்’ வேண்டாம் என்று கோடு போடுகிறது. அதே லேவியராகமம் 19:34, உங்களோடு தங்குகிற அந்நியனை உன்னைப் போல நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தீர்களே என்கிறது. 25:45-இல் அப்படித் தங்கினவனின் பிள்ளைகளை விலைக்கு வாங்கலாம்.

“அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்” என்கிற சமாதானம் எனக்கு ஒட்டாததற்குக் காரணம் இதுதான். இந்தச் சட்டத்தை எழுதினவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. வேறு எந்த ஜனத்தின் சட்டமும் “நாங்கள் அடிமைகளாக இருந்தவர்கள்” என்று தொடங்கியதாக நான் பார்த்ததில்லை. ஹமுராபியை மன்னிக்கிற அளவுகோலால் இவர்களை மன்னிப்பது இவர்களைக் குறைத்து மதிப்பிடுவது.

#18 கல்வெட்டுக்கிறுக்கன்

எல்லாரும் சட்டத்தையே பேசுகிறீர்கள். சட்டம் நடந்ததா?

முதலில் பைபிளே என்ன சொல்கிறது. எரேமியா 34. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. சிதேக்கியா ராஜா எபிரெய அடிமைகளை எல்லாம் விடுதலை செய்ய உடன்படிக்கை பண்ணுகிறான். கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி நடுவே நடந்து சத்தியம். விட்டார்கள். பிறகு எகிப்து படை வருகிறது என்று கேள்விப்பட்டுப் பாபிலோனியர் தற்காலிகமாக முற்றுகையை எடுக்கிறார்கள். ஆபத்து போனது, எஜமான்கள் ஓடிப்போய் விட்டவர்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்! எரேமியாவுக்கு வந்த கோபம் படிக்கவேண்டியது. நீங்கள் விடுதலை கூறவில்லை, இதோ நான் உங்களுக்கு விடுதலை கூறுகிறேன்: பட்டயத்துக்கும் (வாளுக்கும்) கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும். (என் சந்தேகம்: முற்றுகையில் தானியம் குறையும்போது அடிமையை ‘விடுதலை’ செய்வது சோறு போடும் பொறுப்பிலிருந்து எஜமானுக்கும் விடுதலை.)

அடுத்து நெகேமியா 5, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. பஞ்சம், ராஜவரி, வயலை அடமானம் வைத்தாயிற்று, இப்போது பிள்ளைகள். “எங்கள் குமாரத்திகளில் சிலர் ஏற்கெனவே அடிமைப்பட்டுப்போனார்கள்.” கடன் கொடுத்தவர்கள் அந்நியர் இல்லை, சொந்த ஜனம். நெகேமியா அவர்களைத் திட்டும்போது தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருக்கிறோம் என்று ஒப்புக்கொள்கிறார். அது எனக்குப் பிடித்த இடம்.

இப்போது பைபிளுக்கு வெளியே. 1962-இல் யோர்தான் பள்ளத்தாக்கின் மேற்கே வாதி தாலியே என்கிற இடத்தில் ஒரு குகையில் பெதூயின்கள் பப்பிரஸ் துண்டுகளை எடுத்தார்கள். கி.மு. நாலாம் நூற்றாண்டில் சமாரியாவில் எழுதினவை. அலெக்சாந்தர் படைக்குப் பயந்து ஓடி, குகைக்குள்ளேயே செத்துப்போனவர்கள் கொண்டுவந்தது. எலும்புகளும் கூடவே கிடந்தன. உயிரைக் கையில் பிடித்து ஓடுகிறவன் எதை எடுத்துக்கொண்டு ஓடுவான்? நிலப்பத்திரம் மாதிரி, அடிமை வாங்கின பத்திரம். கிடைத்தவற்றில் பெரும்பகுதி அதுதான்.

கி.மு. 335 மார்ச் மாதத்துப் பத்திரம் ஒன்றில், யெகோகானான் என்கிறவனை 35 சேக்கலுக்கு விற்கிறார்கள். பெயரிலேயே கர்த்தரின் பெயர். விற்கிறவன் கனனியா, அவன் பெயரிலும் அப்படியே. வாங்குகிறவன் யெகோநூர், அவனும் அப்படியே. எத்தனை காலத்துக்கு? ‘என்றென்றைக்கும்’. ஆறு வருஷம் என்ற பேச்சே பத்திரத்தில் இல்லை. யூபிலியும் (ஐம்பதாம் வருஷ விடுதலை) இல்லை. இவர்கள் சமாரியர், எருசலேமியர் இல்லை என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் மோசேயின் தோரா (பைபிளின் முதல் ஐந்து ஆகமங்கள்) அவர்களுக்கும் வேதம்.

எகிப்தில் எலிபந்தீன் தீவில் யூதப் படைவீரர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே மெசுல்லாம் என்பவர் கி.மு. 427-இல் தன் அடிமைப்பெண் தாமெத்தையும் அவள் மகளையும் விடுதலை செய்த ஆவணம் கிடைத்திருக்கிறது. விடுதலைதான், ஆனால் மெசுல்லாம் சாகும்வரை ஒரு மகள் தகப்பனைத் தாங்குவதுபோல் தாங்கவேண்டும் என்று நிபந்தனை. அவள் அதற்கு இருபத்திரண்டு வருஷம் முன்பே, அடிமையாக இருக்கும்போதே, ஆலய ஊழியன் ஒருவனுக்கு மனைவியானவள். எகிப்தில், எபிரெயர் வீட்டில், எகிப்துப் பெண் அடிமை. ஆகாரின்மகள் அக்காவுக்கு இந்தத் தாமெத்தை அறிமுகப்படுத்துகிறேன்.

#19 ஆகாரின்மகள்

அறிமுகத்துக்கு நன்றி தம்பி. இவளுக்காவது பெயர் பத்திரத்தில் இருக்கிறதே.

#20 யாழ்வாசி

நல்ல இழை. நான் ஒரு பக்கத்தைத் தொடுறன், ஒருத்தரும் அங்க போகேல்ல. இந்தச் சட்டத்தை வாழ்ந்து காட்டவேண்டிய நிலையில இருந்தவை யூத ரபிகள், அதாவது வேதம் படிப்பிக்கிற குருமார். அவை என்ன செய்தவை?

எபிரெய அடிமை விஷயத்தில கட்டை இறுக்கிக்கொண்டே போனவை. தல்மூதில (ரபிகளின்ர சட்ட விவாதத் தொகுப்பு) ஒரு பழமொழி மாதிரி இருக்கு: எபிரெய அடிமையை வாங்கினவன் தனக்கொரு எஜமானை வாங்கினவன். நீ மெத்தையில படுத்தா அவனை வைக்கோலில படுக்க வைக்கேலாது. காதில குத்துறதுக்கும் ஒரு விளக்கம்: “இஸ்ரவேலர் என் அடிமைகள்” எண்டு சீனாயில கேட்ட காதுதானே, கேட்டும் தனக்கு வேற எஜமானைத் தேடிச்சுது, அப்ப அந்தக் காதைக் குத்து. ஆனா அந்நிய அடிமை, அவை ‘கானானிய அடிமை’ எண்டு சொல்லுறது, அவனை விடுதலை செய்யிறது பிழை எண்டு ஒரு கருத்து அதே தல்மூதில இருக்கு. ‘என்றைக்கும்’ எண்டு இருக்குதாம். களப்பிரன் சொன்ன அதே சொல்.

இப்ப கதை. ரபான் கமாலியேலுக்கு தாபி எண்டு ஒரு அடிமை. படிச்சவன். அவன் செத்தப்ப கமாலியேல் துக்கம் விசாரிக்க வந்தவையை ஏற்றுக்கொண்டார். சீடர்கள் கேட்டினம், அடிமைக்குத் துக்கம் கொண்டாடக்கூடாது எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்? அவர் சொன்னார்: தாபி மற்ற அடிமைகள் மாதிரி இல்லை, நல்ல மனிசன்.

இன்னொரு இடம் இன்னும் ஆழம். ஒருக்கா கமாலியேலின்ர கையால தாபியின்ர கண் போயிட்டுது. கமாலியேலுக்குச் சந்தோசம்! பெரிய சந்தோசம் எண்டே எழுதியிருக்கு. ஏனெண்டா, கண் போனா விடுதலை எண்டு தோரா சொல்லுது, அடிமையைச் சும்மா விடக்கூடாது எண்டு வேற கருத்து இருக்கு, இப்ப வழி கிடைச்சிட்டுது. ரபி யோசுவாவிட்டப் போய்ச் சொல்லுறார். யோசுவா சொன்னார்: செல்லாது. சாட்சி இல்லை. நீயே ஒப்புக்கொண்டது கணக்கில வராது.

யோசிச்சுப் பாருங்கோ. ஒரு நல்ல மனிசன் தன்ர அடிமையை விடுதலை செய்ய ஆசைப்படுறார். அதுக்கு அந்த அடிமையின்ர கண் போகவேண்டியிருக்கு. போயும் விடுதலை இல்லை. தாபிக்கு அண்டைக்கு எப்பிடி இருந்தது எண்டு தல்மூத் எழுதேல்ல.

#21 வக்கீல்குமாஸ்தா

யாழ்வாசி ஐயா, இந்தக் கதையை நாளைக்கு என் சீனியரிடம் சொல்லப்போகிறேன். ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று சொல்லி ஒரு கண்ணைக் கணக்கில்லாமல் செய்துவிட்டார்களே.

#22 மேய்ப்பன்கோல்

இரண்டு நாளாக எழுதாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். ‘இருதயக் கடினம்’ என்று நான் எழுதினது சுலபமான பதில். பிரசங்கத்தில் சொல்லிப் பழகின வாய். ஆகார், ‘பெரெக்’ இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் யோபு 31-ஐ யாரும் எடுக்கவில்லையே என்று ஆச்சரியம். யோபு தன் நீதியை வரிசையாகச் சொல்லும்போது, என் அடிமையும் அடிமைப்பெண்ணும் என்னோடு வழக்காடினபோது நான் அவர்கள் நியாயத்தை அசட்டை செய்திருந்தால் தேவனுக்கு என்ன பதில் சொல்வேன் என்கிறார். காரணம்: என்னைக் கர்ப்பத்தில் உண்டாக்கினவர் அவனையும் உண்டாக்கினார் அல்லவா? இங்கே எபிரெயன், அந்நியன் என்ற கோடே இல்லை. யோபுவே ஊத்ஸ் தேசத்தான். எகிப்து நினைவில்லாமலே, கர்ப்பத்திலிருந்து நேராக அந்த இடத்துக்கு வந்துவிடுகிறார்.

#23 களப்பிரன்77

ஐயா, இதற்குக் கைகொடுக்கிறேன். வந்த இடத்தில் யோபு அவர்களை விடுதலை செய்யவில்லை என்பதையும் ஓரமாகக் குறித்துவைக்கிறேன், கோபிக்காதீர்கள்.

இந்தக் கோடு யாருக்கு உதவினது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1861 ஜனவரி 4, அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடிக்க மூன்று மாதம் முன்னால், நியூயார்க்கில் மோரிஸ் ரஃபால் என்கிற ரபி மேடையேறி, அடிமை வைப்பது பாவம் என்று பைபிளில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கூடவே, பைபிளில் அடிமை ஒரு ஆள், அடிமை வைத்திருந்த தெற்கு மாநிலங்களில் அவன் ஒரு பொருள் என்றும் சொன்னார். தெற்கத்தியர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பால்டிமோரில் டேவிட் ஐன்ஹார்ன் என்ற இன்னொரு ரபி அதை எதிர்த்து எழுதினார். அது அடிமை மாநிலம். ஏப்ரலில் கலகம் வெடித்தபோது அவர் பிலடெல்பியாவுக்கு ஓடவேண்டி வந்தது. இருவர் கையிலும் அதே ஐந்து ஆகமங்கள்.

1807-இல் லண்டனில் கரீபியன் அடிமைகளுக்கென்று ஒரு பைபிள் அச்சடித்தார்கள். எகிப்திலிருந்து விடுதலையாகி வெளியேறும் கதையை அதில் வெட்டிவிட்டார்கள். எந்தப் பக்கம் ஆபத்து என்று எஜமானுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

#24 சொல்லுளி

வெட்டினவன் ஒரு வகை. ‘வேலைக்காரன்’ என்று வழுக்கிவிட்டவன் இன்னொரு வகை. வெட்டின இடம் தெரிந்துவிடும்.

#25 தேரிக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. போன ஞாயிறு பாடம் எடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். 21:21-ஐ நானே சத்தமாக வாசித்தேன். “தப்புதான்மா. இந்த வசனம் தப்பில்லைங்குது, எனக்குத் தப்பாத்தான் படுது” என்றேன். தொண்டை கொஞ்சம் அடைத்தது. பிறகு உபாகமம் 5-ஐத் திறக்கச் சொல்லி, 14-உம் 15-உம் எபிரேயத்தில் ஒரே சொல் என்று பலகையில் எழுதினேன். கடைசியில் தாபி கதை. கண் போன இடத்தில் ஒரு பையன் “அப்புறம்?” என்றான். அப்புறம் ஒன்றும் இல்லை என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

பெரியவர் காதுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் பேசவேண்டுமாம். பேசுவோம்.

கேள்வி கேட்ட பெண், பைபிளில் ‘வேலைக்காரனானாலும்’ என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு மேலே ‘அடிமையானாலும்’ என்று எழுதிவிட்டாள். பக்கத்தில் ‘வேலைக்காரி’க்கும் அதேபோல. மனப்பாட வசனப் போட்டி வருகிறது, பத்துக் கட்டளைதான் பகுதி. “அண்ணா, போட்டில இப்படிச் சொன்னா மார்க் குறைப்பாங்களா?” என்று கேட்டாள். குறைப்பார்கள் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

#26 திண்ணைவாசி

எவ்வளவு?

#27 தேரிக்காட்டான்

சொல்லுக்கு அரை மார்க். ரெண்டு சொல்.

#28 திண்ணைவாசி

என்ன சொன்னாள்?

#29 தேரிக்காட்டான்

“ஒண்ணுதானே” என்றாள்.